பிழைப்பும் வாழ்வும்: தங்கவயல் பவுத்தர்கள் குறித்து

தமிழில் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்று ஒரு தொடர் உண்டு. நவீனத் தமிழ் நாவல்கள் பலவும் இந்தக் குடும்பங்களுக்காக அழுதவைதான். இடிந்துபோன சுற்றுக்கட்டு வீடு, கைமாறிப்போன நன்செய், அடகில் மூழ்கிப்போன ஒட்டியாணம், தூணைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கும் ஒரு கிழவர். வாசகர்கள் கண்கலங்குகிறார்கள். கலங்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சேரியில் இருக்கிற எந்தக் குடும்பத்தையாவது யாராவது 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. கெட்டுப்போவதற்கு முன்னால் வாழ்ந்திருக்க வேண்டும் இல்லீங்களா? அந்த முதல் பாதியை நமக்கு யாரும் தருவதில்லை.

நமக்கு வைத்திருக்கிற சொல் வேறு. "கூழோ கஞ்சியோ குடிச்சிப் பொழச்சிக்கறான்." "பொழைக்கப் போயிருக்கான்." "பொழைக்கத் தெரியாதவன்." பிழைத்தல் என்றால் சாகாமல் தப்பித்தல். மாரடைப்பு வந்தவர் பிழைக்கிறார், விபத்தில் சிக்கியவர் பிழைக்கிறார். ஒருநாள் ஆபத்துக்கு ஏற்பட்ட சொல்லை ஒரு கூட்டத்தின் ஆயுள் முழுமைக்கும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் பிழை என்பதற்குக் குற்றம் என்றும் பொருள் போட்டிருக்கும். ஊர்த்தெருக்காரரும் 'ஏதோ பொழப்பு ஓடுது' என்று சொல்வதுண்டுதான். அது அடக்கத்துக்குச் சொல்வது. நாம் சொல்வது கணக்குக்குச் சொல்வது.

நல்ல வாழ்வு எது, நிறைவான வாழ்வு எது என்று தத்துவக்காரர்கள் எல்லாக் காலத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்கும் பாடம் நடந்தது. அறம், பொருள், இன்பம் என்று பகுத்து, இல்லறத்தான் கடமைகளை வரிசையாக எழுதிப்போட்டார்கள். விருந்தோம்பல், ஈகை, சுற்றம் தழுவுதல், ஒப்புரவு. தேர்வில் இருபது மதிப்பெண் கேள்வி. நானும் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் எழுதும்போதே ஒன்று உறுத்தியது. விருந்தோம்ப வேண்டுமென்றால் நம் வீட்டில் கை நனைக்க ஒருவன் வரவேண்டும். நம் கைத்தண்ணீரை வாங்கிக் குடிக்காத ஊரில் நாம் எப்படி விருந்தோம்புவது? ஈகை என்ற அறத்தில் எப்போதும் வாங்குகிற பக்கத்திலேயே நிறுத்தப்பட்டவன் எப்போது அறவான் ஆவது? இதைக் கேட்டால் இலக்கியத்தில் சாதியைத் தேடுகிறான் என்பார்கள். தேடவேண்டிய அவசியமே இல்லை, வாசலிலேயே நிற்கிறது.

வாசல் என்று சொன்னேன். இல்லறத்துக்கு முதலில் இல்லம் வேண்டும். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் என்கிற வெள்ளைக்காரர் அந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலப் பிரச்சினையில் வேலை செய்கிற தோழர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அதில் அவர் கண்டு சொன்ன விஷயங்களில் ஒன்று இது. சேரிக்காரன் குடிசை போட்டிருக்கிற அந்தக் காலடி மண்ணும் மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கிவிடலாம். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சில ரூபாய் கடனுக்கு அப்பன் படியாளாகி, அந்தக் கடன் பிள்ளைக்கும் இறங்கி வரும். இப்படிப்பட்டவனிடம் போய் 'நிறைவான வாழ்வு எதுவென்று நினைக்கிறாய்?' என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? பெரும்பாலானோர் நினைப்பது, அவன் ஒன்றும் சொல்லமாட்டான், பசிதான் அவனுக்குத் தெரியும் என்று. நமது இடதுசாரித் தோழர்களிலும் சிலர் இப்படித்தான் நினைத்தார்கள். முதலில் கூலி, மற்றதெல்லாம் பிறகு என்று.

அப்படி இல்லை. அவர்கள் பதில் சொன்னார்கள், அச்சடித்தும் வைத்தார்கள். அதைப் படிக்க நமக்குத்தான் எண்பது தொண்ணூறு ஆண்டுகள் ஆனது. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999-ல்தான். பண்டிதர் இறந்தது 1914-ல். நடுவில் இருந்த காலத்தில் அந்தப் பத்திரிகைக் கட்டுகளைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அல்ல. நம்ம ஜனங்கள், அதிலும் கோலார் தங்கவயல் ஜனங்கள்.

தங்கவயலுக்கு வருவோம். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. மைசூர் சமஸ்தானத்து மண், லண்டன் கம்பெனி, தோண்டுகிற கை மட்டும் தமிழ்க் கை. வடாற்காடு பக்கமிருந்து, குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பஞ்சம் துரத்தியது பாதி, படியாள் கயிறு துரத்தியது பாதி. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. இந்தியாவிலேயே அவ்வளவு தூரம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு வந்தது அப்போது பெரிய அதிசயம். அந்த அதிசயம் முதலில் போய்ச் சேர்ந்தது சுரங்க எந்திரங்களுக்கும் துரைமார் இருப்பிடங்களுக்கும். கூலி லைனில் தட்டி வீடு, மண்ணெண்ணெய் விளக்கு. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் போகப்போக 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கீழே பாறை கொதிக்கும். பாறை தானாகவே வெடித்துச் சிதறி ஆளை மூடும், அதற்குப் பெயர் 'ராக் பர்ஸ்ட்'. மூடாமல் தப்பியவன் நெஞ்சில் கல்தூசி படிந்து இருமிச் செத்தான். மேலே வரும்போது தங்கம் திருடியிருக்கிறானா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

இதைச் சுதந்திர பூமி என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் கிராமத்திலிருந்து அங்கே போனவர்கள் திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்க வேண்டும். கூலிக்காக மட்டும் என்றால் விஷயம் முடிந்தது. என் ஆயாவின் தங்கச்சி, நான் சின்ன ஆயா என்று கூப்பிடுவேன், சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்து அங்கேயே கிழவியானவர். அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஊர்ல இருந்தப்ப எங்க நைனாவுக்கு வேட்டி முட்டிக்குக் கீழ எறங்கக் கூடாது. மேல துண்டு போடக் கூடாது. இங்க வந்து மொத சம்பளம் வாங்கனதும் ஒரு வெள்ள வேட்டி எடுத்து கணுக்கால் வரைக்கும் தொங்கத் தொங்க கட்டிகினு, லைன்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாராம். எங்கம்மா, 'இன்னாத்துக்கு யா சும்மா நடக்கற?'ன்னு கேட்டுதாம். 'சும்மாதான் நடக்கறேன். யாரும் கேக்கல பாரு, அதுக்கோசரம்தான் நடக்கறேன்'னாராம். அம்மா இத சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நைனா நெஞ்சு அடச்சிகினு செத்தப்ப எனக்கு ஏழு வயசு. இருமல் சத்தந்தான் ஞாபகம் கீது. மூஞ்சி ஞாபகம் இல்ல."

வெள்ளை வேட்டி கட்டிச் சும்மா நடந்ததும் இருமிச் செத்ததும் ஒரே ஆளின் வாழ்க்கையில், ஒரே கம்பெனியின் சம்பளத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்துவிட முடியாது. இருமலை மட்டும் எழுதுகிறவர்கள் நம்மைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக ஆக்கிவிடுகிறார்கள். வேட்டியை மட்டும் எழுதுகிறவர்கள் கம்பெனிக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படியாளுக்கு வேலை முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. விடியக்காலம் மாட்டுக்கொட்டகையில் தொடங்கினால் ஆண்டை எப்போது விடுகிறானோ அப்போதுதான். நடுராத்திரி மடை உடைந்தாலும் கூப்பிடுவான், சாவு விழுந்தாலும் சேதி சொல்ல அனுப்புவான். சுரங்கத்தில் சங்கு ஊதும். ஊதினால் ஷிப்டு முடிந்தது. முதுகு ஒடிந்துபோய் வந்தாலும் சங்குக்குப் பிறகு இருக்கிற நேரம் அவனுடையது. நம் வரலாற்றில் 'என் நேரம்' என்ற ஒன்று கூட்டத்தோடு கிடைத்த இடங்களில் ஒன்று தங்கவயல். ரங்கூன், தர்பன், சிங்கப்பூர் போனவர்களுக்கும், பெங்களூர் ராணுவக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கும் இதுபோல் கொஞ்சம் கிடைத்தது. சாக்கிய பவுத்த சங்கத்தின் கிளைகள் எங்கெங்கே முளைத்தன என்று பார்த்தால் ஏறக்குறைய இந்த ஊர்களாகவே இருக்கும். சேரியில் முளைத்ததைவிட லைன்களில் சுலபமாக முளைத்தது. கிடைத்த நேரத்தில் சாராயக்கடைக்கும் போனார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டம் ராப்பள்ளிக்கூடம் நடத்தியது.

அயோத்திதாசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. 1845-ல் பிறந்தவர். சித்த வைத்தியர். நீலகிரியில் நெடுங்காலம் இருந்தவர். 1891 டிசம்பர் முதல் தேதி ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியவர். பறையன் என்று சொல்லி இழிவுபடுத்துகிறவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கல்வியும் உத்தியோகமும் குடிதண்ணீரும் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றோடு சரிசமமாக, பெயரும் ஒரு கோரிக்கையாக நின்றது. வயிறு முதலில், மானம் பிறகு என்கிற வரிசை அவர்களுக்குத் தெரியாது. (அடுத்த இரண்டே ஆண்டில், 1893-ல், அவருடைய உறவினரான இரட்டைமலை சீனிவாசன் அதே பெயரைத் தூக்கித் தலைப்பில் வைத்துப் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். ஒருவர் அந்தப் பெயரை உதறச் சொன்னார், மற்றவர் அதையே உடுத்திக்கொண்டார். இன்றைக்கும் நமக்குள் இந்தச் சண்டை தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன்.)

1898-ல் ஆல்காட் துணையோடு கொழும்பு போய் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்று, திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெறுவதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு. 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழின் முதல் இதழ் வந்தது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. அந்த ஒரு பைசா விலையை யோசித்துப் பாருங்கள். யாருடைய மடியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்த விலை. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பார்கள். வேதாந்தம், வைத்தியம், மழை நிலவரம், சாதிக் கொடுமைச் செய்திகள், கேள்வி பதில் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ் சங்கத்தார் பத்திரிகைக்குப் பணமும் கொடுத்தார்கள், கேள்வியும் கேட்டார்கள், சேதியும் எழுதினார்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் பவுத்தர்கள் என்று பதியவேண்டுமென்று இயக்கம் நடத்தினார்கள். பண்டிதர் மறைந்த பிறகு பத்திரிகை தடுமாறி நின்றபோது, 1926-ல் தங்கவயல் ஜி. அப்பாதுரையார்தான் அதை மறுபடி எழுப்பினார். சாம்பியன் ரீஃப்ஸிலேயே சித்தார்த்தா புத்தகசாலை என்று வைத்து நூல்களைப் போட்டார்கள்.

சங்கத்தார் என்ன செய்தார்கள்? பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கல்யாணம் பண்ணுவது, செத்தவரை அடக்கம் செய்வது, மூன்றையும் பார்ப்பான் இல்லாமல் தாங்களே நடத்தினார்கள். சடங்குதானே என்று லேசாகச் சொல்லிவிடலாம். யோசித்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஊரில் யார் செத்தாலும் பறை அடிக்கவும் சேதி சொல்லவும் வெட்டவும் சுடவும் நம்ம ஆள் வேண்டும். நல்ல சாவு என்று ஊர் சொல்கிறதே, அந்த நல்ல சாவை அவர்களுக்குத் தயாரித்துக் கொடுக்கிற வேலை நம்முடையது. நம் வீட்டுச் சாவு எவர் கணக்கிலும் வராது. அப்படிப்பட்டவர்கள் தங்களுடைய பிணத்தைத் தாங்களே மரியாதையாகச் சுமந்து போய், பஞ்சசீலம் சொல்லி, செத்தவர் என்ன நல்லது செய்தார் என்று நாலு பேர் எழுந்து பேசியபோது, ஒரு சுரங்கக் கூலி முதன்முதலாக 'வாழ்ந்தவர்' ஆனார்.

பண்டிகைகளையும் இப்படித்தான் எடுத்தார்கள். தீபாவளி என்றால் ஓர் அசுரனைக் கொன்ற நாள் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பண்டிதர் சொன்ன கதை வேறு. எள்ளிலிருந்து நெய் எடுக்கலாம், அதைத் தேய்த்துக் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று பவுத்த மடத்தார் கண்டுபிடித்து, அதைச் சோதித்து, ஜனங்களுக்கு அறிவித்துக் குளித்துக் கொண்டாடிய நாள் அது என்றார். கார்த்திகை தீபத்துக்கு ஆமணக்கு நெய்யைச் சொன்னார், அதை ஊற்றி விளக்கெரிக்கக் கற்ற நாள் என்று. இதற்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டா, இலக்கிய ஆதாரம் உண்டா என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கேட்பார்கள். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை என்னாலும் ஏற்க முடியாது, வேர்ச்சொல்லை இழுத்த இழுப்புக்கு வளைப்பார். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். ஒரு கொலையைக் கொண்டாடுகிற நாளை எடுத்து, ஒரு கண்டுபிடிப்பைப் பங்கு போட்டுக்கொண்ட நாளாக மாற்றுகிறார். வைத்தியர் அல்லவா! உடம்புக்கு எண்ணெய், கண்ணுக்கு விளக்கு, தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லுதல். நல்ல வாழ்வு எது என்பதற்கு அவர் வைத்திருந்த பதில் பெரிய சூத்திரங்களில் இல்லை, இந்த எண்ணெய்க் கதைகளில் இருக்கிறது. கேட்டவர்கள் கல்தூசியோடு மேலே வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பவுத்தம் ஆசையை விடு என்று சொல்லும் மதமாயிற்றே, ஒன்றுமே இல்லாதவனிடம் போய் எதை விடச் சொல்வது என்று எங்கள் இளைஞர்கள் கூட்டங்களில் தவறாமல் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று ஊரில் ஒரு பழமொழி வேறு உண்டு. பூமிக்குள் இறங்கி 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன்னை எடுத்துக் கொடுத்த ஜனங்களுக்கு முன்னால் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். போதும் என்ற மனம் யாருக்கு வேண்டியது? கம்பெனிக்கா, கூலிக்கா?

தங்கவயல் பவுத்தர்கள் இந்தப் போதும் மதத்தைப் பின்பற்றவில்லை. பண்டிதர் தமிழன் இதழைத் தொடங்கிய அதே 1907-ல் பேராசிரியர் லட்சுமி நரசுவின் ஆங்கிலப் புத்தகமான 'பவுத்தத்தின் சாரம்' சென்னையிலிருந்து வந்தது. துறவிகளுக்கான பவுத்தமாக இல்லாமல் பகுத்தறிகிற, உலகத்தில் வாழ்கிற மனிதருக்கான பவுத்தமாக அவர் அதை எழுதினார். இந்தப் புத்தகத்தின் மறுபதிப்பை 1948-ல் முன்னுரை எழுதிக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். பிறகு அவர் எழுதி 1957-ல், அவர் இறந்த பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தார். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை, சித்தார்த்தன் ஒரு கிழவனையும் ஒரு நோயாளியையும் ஒரு பிணத்தையும் பார்த்தான், உலகம் துக்கம் என்று வீட்டை விட்டுப் போனான் என்பது. அம்பேத்கர் இதை நம்ப மறுத்தார். இருபத்தொன்பது வயது வரைக்கும் ஒருவன் பிணத்தைப் பார்க்காமலா இருப்பான்? ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் சண்டை வந்தபோது போர் வேண்டாமென்று சங்கத்தில் எதிர்த்து நின்றதால் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார்.

எனக்கு இது சாதாரணமான திருத்தமாகப் படவில்லை. கிழவனும் நோயாளியும் பிணமும் எல்லார் வீட்டிலும் உண்டு. அதற்கு யாரையும் கேள்வி கேட்க முடியாது, மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் முடியும். தண்ணீர்ச் சண்டை அப்படியில்லை. அது மனிதன் மனிதனுக்குச் செய்வது. செய்ததை நிறுத்தலாம். முதல் துக்கத்துக்கு மருந்து போதும் என்ற மனம். இரண்டாவது துக்கத்துக்கு அந்த மனமே நோய். மகாத் குளத்தில் 1927-ல் இறங்கித் தண்ணீர் எடுத்தவர் புத்தரை ஆற்றங்கரையில் தேடிக் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் என்ன!

கூலி முதலில் என்று சொல்கிற தோழர்களுக்கும் தங்கவயலில் ஒரு பாடம் இருக்கிறது. 1930-ல் அங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மூன்று வாரம் போல வேலைக்குப் போகவில்லை. எதற்காக என்றால், தொழிலாளர்கள் எல்லாரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கைரேகை எடுப்பது யாரிடம்? போலீசு குற்றவாளிகளிடம் எடுப்பது. எங்களைத் திருடன் என்கிறாயா என்று எழுந்தார்கள். கூலி உயர்வு கேட்டு அவர்கள் போராடிய காலங்களும் உண்டு, பின்னால் சிவப்புக் கொடிச் சங்கம் அங்கே வலுவாகவே வளர்ந்தது. ஆனால் அந்த 1930-ல் பட்டினி கிடந்தது கைரேகைக்காக. இருபது ஆண்டுக்கு மேலாக ராப்பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை கேட்ட ஒரு ஊரில் இது நடந்தது என்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வாளர்கள் தொழிற்சங்க வரலாற்றை ஒரு அலமாரியிலும் பவுத்த வரலாற்றை இன்னொரு அலமாரியிலும் வைத்திருக்கிறார்கள். லைனில் அது ஒரே வீடு. காலையில் சுரங்கம், சாயங்காலம் சங்கம்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நாமும் குலப்பெருமை பாடுகிறவர்கள் ஆகிவிடுவோம். பண்டிதர் 'தாழ்த்தப்பட்டவர்கள்' என்றும் 'தாழ்ந்தவர்கள்' என்றும் ஒரு கோடு போட்டார். நாங்கள் பூர்வ பவுத்தர்கள், சதியால் தாழ்த்தப்பட்டோம், ஆனால் இன்னும் சிலர் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்ற தொனியில் தோட்டி வேலை செய்தவர்களையும் சக்கிலியரையும் குறவரையும் தள்ளி வைத்து எழுதினார். அருந்ததியர் தோழர்கள் இதைக் கேட்கும்போது நாம் அந்தக் காலம் அப்படி என்று மழுப்பக் கூடாது. அந்தக் காலத்தில்தான் அவர் பார்ப்பனியத்தின் அடிவயிற்றில் கை வைத்தார். அவ்வளவு தூரம் பார்த்த கண்ணுக்குப் பக்கத்துத் தெரு தெரியாமல் போனது குறைதான். நல்ல வாழ்வு என்பதை 'ஒழுக்கமான வாழ்வு' என்று மொழிபெயர்த்துக்கொண்டால் இந்த ஆபத்து வந்தே தீரும். யார் குளித்தவன், யார் குடிக்காதவன், யார் மாட்டுக்கறி தின்னாதவன் என்று ஏணி போட ஆரம்பித்துவிடுவோம். ஏணியில் கடைசிப் படிக்கு எப்போதும் ஒருவன் தேவைப்படுவான்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். சங்குக்குப் பிறகு கிடைத்த நேரம் என்று மேலே பெருமையாக எழுதினேன். அது ஆம்பளைகளுக்கு. சின்ன ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "சங்கு ஊதனா அவருக்கு வேல முடிஞ்சிது. எனக்கு அப்பத்தான் ஆரம்பம். தண்ணி காய வெக்கணும், மண்ணு துணி அலசணும், கொழாயடியில நின்னு தண்ணி புடிக்கணும்" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கணவர் ராப்பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொல்லிக்கொடுத்ததாம். "அடுப்பு ஊதிகினே படிச்சேன். அதனால எனக்கு 'அ'ன்னாலே பொகை வாசன வரும்" என்று சிரித்தார். தமிழன் இதழ்களில் பெண்கல்வி பற்றியெல்லாம் நிறையவே இருக்கிறது. அடுப்பு பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது.

1956-ல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். நஷ்டம் என்றார்கள். நூற்றிருபது ஆண்டு லாபம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது சயனைடு மண்மேடுகள். பொன்னைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு, சின்னச் சின்ன மலையாக நிற்கிறது. காற்று அடித்தால் லைன் முழுக்க அந்தத் தூசி. விளக்கெரிந்த இடங்களில் புதர். தலித் வாசகர் வட்டங்களும் விகாரைகளும் அம்பேத்கர் படமும் இருக்கின்றன, வேலை இல்லை. இந்த ஜனங்களையாவது 'வாழ்ந்து கெட்டவர்கள்' என்று யாராவது எழுதுவார்களா என்று பார்த்தேன். சினிமாவில் தங்கவயல் என்று ஒரு கற்பனை ஊரைக் காட்டினார்கள், அதில் ரவுடியும் துப்பாக்கியும் இருந்தன. பத்திரிகை நடத்தியவர்கள் இல்லை.

மாரிக்குப்பம் ரயில் நிலையத்திலிருந்து விடியற்காலையிலேயே பெங்களூருக்கு ரயில் கிளம்புகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் அதில் ஏறிப்போய் இரவில் திரும்புகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, கடை, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. சின்ன ஆயாவின் பேத்தி இதில் ஒருத்தி, எம்.காம். படித்தவள். போன வருடம் ஒரு நாள் நானும் அவளோடு அந்த ரயிலில் போனேன். உட்கார இடமில்லை. கதவோரம் நின்றுகொண்டு ஒரு பையன் அரசுத் தேர்வுக்கான புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க, அவனைச் சுற்றி நின்ற நாலைந்து பேர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இந்தக் கட்டுரை எழுதுகிற நினைப்பிலேயே இருந்ததால் அவளிடம், "நல்லா இருக்கியாம்மா?" என்று கொஞ்சம் அழுத்திக் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கேளு மாமா, சொல்றேன்" என்றாள்.